முத்திரை வைத்த மஞ்சள்

என் முகத்தில் குடியிருந்தவர்கள், கல்யாணத்துக்கு முதல் நாள் பகல் பந்தி போடுவதற்குள் கூண்டோடு காலி செய்துவிட்டார்கள். ஐந்து மாதம் வாடகை இல்லாமல் இருந்தவர்கள். போகும்போது ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகவில்லை.

குடியிருந்தவர்கள் என்றால் மனிதர்கள் இல்லை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அந்தச் சிகிச்சைக்கு 'சமன்' என்று பெயர். பரு வந்து குழி விழுந்த கன்னத்தில் அவற்றைக் கொண்டுபோய் விட்டால், குழிக்குள் இறங்கிப் பெருகி, தங்களுக்குள் நூல்மாதிரி எதையோ பின்னி, மேடும் பள்ளமுமான இடத்தைச் சமதரையாக்கிவிடும். பக்கத்துத் தோலின் நிறத்தையும் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். பூச்சு என்றால் வேர்வையில் கரையும், துண்டில் ஒட்டும். இவை ஒட்டாது, கரையாது. ராத்திரி படுக்கும்முன் கொஞ்சம் தீனிக் களிம்பு தடவினால் போதும், காலம் பூராவும் கிடக்கும் என்றார்கள்.

எனக்குப் பரு வந்தது பதினான்கு வயதில். "வயசுக் கோளாறு, தானா போயிடும்" என்றார்கள். போனது உண்மைதான். ஆனால் இருந்த இடத்தையெல்லாம் தோண்டிப் போட்டுவிட்டுப் போனது. அம்மா தவமணி என் கன்னத்தில் பூசாத பொருள் இல்லை. ஜாதிக்காய் இழைத்துப் பூசினாள். வேப்பிலை அரைத்துப் பூசினாள். முல்தானி மட்டி, சந்தனம், எலுமிச்சை, பற்பசை என்று அந்தந்த வாரம் யார் எதைச் சொல்கிறார்களோ அது. மஞ்சளை மட்டும் முதல் வருஷமே நிறுத்திவிட்டாள். மஞ்சள் குழிக்குள் தங்கிக்கொண்டு குழியைத் தூக்கிக் காட்டுகிறது என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. அதோடு எங்கள் வீட்டில் மஞ்சள் குழம்போடு நின்றுபோனது.

வேலை என்று நான் தேடிக்கொண்டதும் அப்படித்தான் அமைந்தது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலை. சூளையிலிருந்து வருகிற வாஷ்பேசின்களைச் சரிபார்த்து அனுப்பும் பிரிவில் நான் இருக்கிறேன். மரக்கட்டையால் தட்டிப் பார்ப்பேன். நல்லதென்றால் மணிபோல் கேட்கும், விரிசல் இருந்தால் தொப்பென்று கேட்கும். பிறகு பளபளப்பின்மேல் விரலை ஓட்டி ஊசித்துளை இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் மஞ்சள் மெழுகுக் குச்சியால் ஒரு கோடு. கோடு விழுந்தது செகண்ட்ஸ், விலையைக் குறைத்து விற்றுவிடுவார்கள். நாள் முழுக்க மற்றவற்றின் குழியைத் தேடிக் கோடு போடுகிறவளுக்குக் கன்னம் பூராவும் குழி. தொழிற்சாலையில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிக்க மாட்டேன்.

எங்கள் காலத்தில் கல்யாணப் பொருத்தம் பத்து அல்ல, பதினொன்று. பதினொன்றாவது தோல் பொருத்தம். வரன் பார்க்கும் செயலி படத்தை வாங்கியதும் தோலை அலசிப் பார்த்துப் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டுவிடும். ஜோசியர்கள் முதலில் எதிர்த்தார்கள். பிறகு அதையும் சுக்கிரன் பொறுப்பில் விட்டுவிட்டுச் சமாதானமாகிவிட்டார்கள். எனக்கு வந்தது நாலரை. நாலரைக்கும் சில பேர் வந்து கேசரி சாப்பிட்டார்கள். ஒரு மாப்பிள்ளையின் அம்மா என் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "பொண்ணு நல்ல லட்சணம், உங்க வூட்ல லைட்டுதான் சரியில்ல" என்றாள். அவர்கள் போனதும் அம்மா மறுநாளே லைட்டை மாற்றினாள். புது வெளிச்சத்தில் குழி இன்னும் நன்றாகத் தெரிந்தது.

எனக்கு இருபத்தொன்பது முடிந்ததும் அம்மா என்னைப் புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அப்பாவிடம் ஜவுளி எடுக்கப் போவதாகச் சொன்னோம். அப்பாவும் ஜவுளி எங்கே என்று கேட்கவில்லை. அவர் அப்படித்தான், கேட்காமல் இருப்பதில் கெட்டிக்காரர்.

கிளினிக்கில் டாக்டர் ரெஜினா என் கன்னத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"நல்ல இடம்" என்றார்.

"எதுக்கு டாக்டர்?"

"குடியேத்தத்துக்கு. குழி ஆழமா இருந்தா அதுங்களுக்கு வசதி. மேலோட்டமா இருக்கிறவங்களுக்குத்தான் நிக்க மாட்டேங்குது."

முதல்முறையாக என் குழிகளை ஒருவர் பாராட்டினார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பின்விளைவு ஏதாச்சும்?" என்று அம்மா கேட்டாள்.

"பெருசா ஒண்ணும் இல்லம்மா. கன்னம் கொஞ்சம் மரத்தாப்ல இருக்கும். நடுவுல ஒரு அடுக்கு இருக்கில்ல, தொட்டாத் தெரியாது. அழகுக்கு முன்னாடி அதெல்லாம் ஒரு விஷயமா?"

பிறகு கம்பெனி கொடுத்த காகிதத்தை நீட்டினார். வெளிநாட்டுக் கம்பெனி. என்னென்ன படக்கூடாது என்று அதில் போட்டிருந்தது. பெரும்பாலும் தெரிந்த பெயர்கள், டெட்டால் வகையறா. கடைசியில் ஒன்று, டைஃபெருலாயில்மீத்தேன் என்று.

"இது என்னா டாக்டர், வாயிலயே நுழையல?"

டாக்டர் எட்டிப் பார்த்தார். "ஏதோ சாயக் கம்பெனி கெமிக்கலா இருக்கும். தோல்ல பட்டா ரெண்டு மணி நேரத்துல எல்லாம் கழண்டுக்கும்னு போட்டிருக்கான். நீங்க பீங்கான் ஃபேக்டரியிலதானே இருக்கீங்க? பெயின்ட் அடிக்கிற பக்கம் மட்டும் போவாதீங்க. மத்தபடி நம்ம ஊரு கல்யாணத்துல இதெல்லாம் எங்க வரப்போவுது?"

அந்தப் பெயரை நானே கைப்பேசியில் தேடியிருக்கலாம். ஆனால் எங்கள் காலத்துக் கைப்பேசிக்கு வாயில் எதுவும் நிற்காது. ஒன்றைத் தேடினால் அடுத்த நிமிடம் சொந்தக்காரர்கள் எல்லாருடைய கைப்பேசியிலும் தோல் சிகிச்சை விளம்பரம் வந்து நிற்கும். பெரியப்பா வீட்டு வாட்ஸப்பில் அது ஒரு வாரத்துக்கு ஓடும். ஆகவே தேடவில்லை. பெயின்ட் அடிக்கும் பக்கம் போகாமல், போனாலும் மூஞ்சியைத் துணியால் மூடிக்கொண்டு, வெகு ஜாக்கிரதையாக இருந்தேன்.

குடியேறிய பத்தாம் நாள் கண்ணாடியில் வேறொருத்தி நின்றாள். நான் செய்கிற வேலையில் அவளை விரலால் தடவிப் பார்த்துக் கோடில்லாமல் அனுப்பியிருப்பேன். அம்மா பின்னால் வந்து நின்றாள். அவள் கை என் கன்னத்தைத் தடவிக்கொண்டிருப்பதைக் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கன்னத்துக்குத் தெரியவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

புதுப் படத்துக்கு ஒன்பதரை வந்தது. அந்த வாரமே இளம்பரிதி வந்தார்.

இளம்பரிதிக்குக் கடலூர்ப் பக்கம் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலை. உணவுப் பொருளில் கலப்படம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற வேலை. நிச்சயம் முடிந்து தினமும் போனில் பேசினோம். அவர் மிளகில் பப்பாளி விதையைப் பற்றிப் பேசுவார். நான் பேசினில் ஊசித்துளையைப் பற்றிப் பேசுவேன். மஞ்சள் கோடு எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "ரெண்டு பேரும் ஒரே ஜாதி வேலதான் பாக்குறோம்" என்று சிரித்தார். காதல் பேச்சு என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்குப் பிடித்திருந்தது. பேசி முடித்த பிறகும் போனைக் கீழே வைக்க மனசு வராது. என் வாழ்க்கையில் ஒருவர் என் வேலையைப் பற்றி மறுகேள்வி கேட்டது அதுதான் முதல்தடவை.

"இப்பல்லாம் கடையில இருக்கிறது மஞ்சளே இல்ல மங்கை" என்றார் ஒருநாள். "மாவு, சாயம், வாசனைக்கு ரெண்டு சொட்டு. எங்க லேப்ல நெஜ மஞ்சளப் பாத்து ரெண்டு வருஷம் ஆவுது. கல்யாணத்துல ஹல்தின்னு வச்சு ஆடுறாங்களே, அதெல்லாம் கோலமாவுதான்."

"யாருக்கும் தெரியறதில்லையா?"

"யாரு கேக்குறா? பாக்க மஞ்சளா இருக்கு, போதும்." பிறகு சொன்னார். "ஒரு பொருளு கெட்டுப்போச்சுன்னா அதை மன்னிச்சிடலாம். கலப்படத்த மன்னிக்க முடியாது. ஏன்னா அதுல ஏமாத்தணும்னு ஒரு எண்ணம் இருக்கு."

அன்று நான் சாப்பிடவில்லை. அம்மாவிடம் போய், "அவருகிட்ட சொல்லிடறேம்மா" என்றேன்.

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சத்துணவுக்கூடத்தில் இருபது வருஷம் கல் பொறுக்கிய கை. "என்னாத்த சொல்லப் போற?"

"முகத்தப் பத்தி."

"தாலி ஏறட்டும். அப்பறமா ஒருநாள் நல்ல மூடுல இருக்கும்போது சொல்லிக்கலாம்."

"அவரு கலப்படம் புடிக்கிறவரும்மா."

"அரிசியிலதானே புடிக்கிறாரு, பொண்டாட்டியிலயா புடிக்கப் போறாரு? என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு, முகூர்த்தம் முடியறவரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்னு."

பண்ணினேன். அவளும் பாவம், நாலரை மதிப்பெண்ணோடு பத்து வருஷம் தெருவில் நடந்தவள் நான் மட்டும் இல்லை.

அந்த வாயில் நுழையாத பெயரை இளம்பரிதியிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். அது அவருக்கு அன்றாடச் சோறு. ஆனால் "ஏன் கேக்குற?" என்று திருப்பிக் கேட்பார். யாரிடம் கேட்டால் தெரியுமோ அவரிடமிருந்துதான் மறைக்க வேண்டியிருந்தது. ஆகவே பெயின்ட் வாளிகளைக் கண்டு பயந்துகொண்டே கல்யாண மண்டபம் வரைக்கும் வந்துவிட்டேன்.

மண்டபத்தில் முதல் நாள் காலை நலங்கு. எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை இருவரையும் ஒன்றாக உட்காரவைத்தே வைப்பார்கள். அம்மா கடையில் மஞ்சள் தூள் பாக்கெட் வாங்கி வைத்திருந்தாள். தாம்பாளத்தில் அதைக் கொட்டப் போகும்போது இளம்பரிதி, "அத்தை, அது வேணாம்" என்றார். என் அம்மாவைத்தான். பையிலிருந்து ஒரு எவர்சில்வர் சம்படத்தை எடுத்தார். மூடியைச் சுற்றி நூல் கட்டி, அரக்கு வைத்து முத்திரை போட்டிருந்தது. கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள்.

"பாத்தியா, கல்யாணத்துக்கும் சாம்பிள் எடுத்துக்கிட்டு வந்துட்டான்" என்றாள் குமுதவல்லி. அவருடைய அப்பாவின் தங்கை, கலகலப்பான ஆள்.

"ஈரோட்டுப் பக்கம் ஒரு விவசாயிகிட்ட விரலி மஞ்சளா வாங்கி, நானே இடிச்சு, நானே டெஸ்ட் பண்ணுனது" என்றார் இளம்பரிதி. "இந்த மண்டபத்துல இதுவரைக்கும் இப்பிடி ஒரு மஞ்சள் வந்திருக்காது."

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இப்படி ஒரு மாப்பிள்ளையா என்று எல்லாரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். முத்திரையை உடைத்துத் தண்ணீர்விட்டுக் குழைத்ததும் வாசனை எழுந்தது. வயதானவர்கள், "அட, இதுவல்லவா மஞ்சள்" என்று மூக்கை நீட்டினார்கள். முதலில் வைக்க வேண்டியது பெண்ணைப் பெற்றவள். அம்மா இரண்டு கையாலும் அள்ளி என் இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் அழுத்தித் தடவினாள். பிறகு என் பெரியம்மா. பிறகு குமுதவல்லி.

குமுதவல்லி தடவிக்கொண்டே, "அதென்னடா இதுல அவ்வளோ விசேஷம்?" என்று கேட்டாள்.

"குர்குமின் அத்தை. மஞ்சளுக்கு மஞ்சளக் குடுக்கிறதே அதுதான். இதுல அஞ்சு சதம் இருக்கு." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். "அதோட முழுப் பேரச் சொன்னா உங்களுக்கெல்லாம் வாயில நுழையாது. டைஃபெருலாயில்மீத்தேன்."

எனக்கு நுழைந்தது. ஐந்து மாதம் பெயின்ட் வாளிக்குப் பயந்தவள் நான். எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. நலங்கில் உட்கார்ந்த பெண் பாதியில் எழுந்தால் என்ன ஆகும் என்று பெரியம்மா சின்ன வயதிலேயே சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறாள். இன்னும் இரண்டு சுமங்கலிகள் பாக்கி. தண்டவாளத்தில் கட்டிப்போட்டதுபோல் உட்கார்ந்திருந்தேன். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன்.

நாலாவது ஆள் தடவியபோது கன்னத்தில் ஜில்லென்று இருந்தது. நான் அதைக் கவனிக்கவே சற்று நேரமாயிற்று. ஐந்து மாதமாக அங்கே ஜில்லென்று எதுவும் இருந்ததில்லை.

மணமகள் அறையில் முகம் கழுவினேன். பால் ஆடைபோல் ஒரு படலம் திரண்டு உள்ளங்கையில் வந்தது. இன்னொரு தடவை கழுவ, இன்னும் கொஞ்சம். துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது கண்ணாடியில் பழைய நான் நின்றிருந்தேன். குழிகளில் மஞ்சள் தங்கி ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டியது. அம்மா சொன்னது சரிதான்.

அம்மா கதவைத் தாழ்போட்டுவிட்டுச் சீர்ப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். நான் டாக்டர் ரெஜினாவுக்குப் போன் போட்டேன்.

"மஞ்சளா? சான்ஸே இல்ல" என்றார் டாக்டர். "எங்க பேஷன்ட் எத்தன பேரு ஹல்தி வச்சிருக்காங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவலயே."

"அவங்க வச்சது மஞ்சள் இல்ல டாக்டர். மாவும் சாயமும்."

கலப்படக்காரர்கள் இவ்வளவு காலம் எத்தனை மணப்பெண்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று அவர் கணக்குப் போட்டாரோ என்னவோ. கடைசியில், "மறுபடி குடியேத்தப் பத்து நாளாவது ஆவும். முகூர்த்தத்தத் தள்ளிவைக்க முடியுமா?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

"மேக்கப்காரிய வரச் சொல்லுவோம்" என்றாள் அம்மா. "அப்பிடியே அப்பிடுவா."

"நெறம் அப்பலாம், குழிய அப்ப முடியாதும்மா."

அம்மா யோசித்தாள். "உங்க ஃபேக்டரியில பேசின்ல ஓட்டை இருந்தா அடைக்கிற மாவு இருக்குமே, அது முகத்துக்கு ஆவாதா?"

சிரிப்பு வந்தது எனக்கு. அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டாள். அதைப் பார்த்ததும் அழுகையும் வந்தது. "நான் போயி சொல்லிடறேம்மா. அவரே பாக்கிறதுக்கு முன்னாடி நானாப் போயி சொல்றேன்" என்றேன்.

"சத்தியம் பண்ணியிருக்க."

"நீதான் பண்ணச் சொன்ன. நீயே திருப்பி எடுத்துக்க."

அம்மா கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்த் தாழ்ப்பாளை எடுத்துவிட்டாள்.

மண்டபத்துக்குப் பின்னால் சமையல்காரர்கள் பூசணி நறுக்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இளம்பரிதியை வரச்சொன்னேன். வேட்டி கட்டி, வெள்ளைச் சட்டை மாற்றி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் புதுசாக வந்தார். நான் முந்தானையால் முகத்தை மூடியிருந்தேன். இந்த மனிதர் போய்விடக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன், அது பொய்யில்லை. உச்சி வெயிலில் துணியை எடுத்தேன்.

"இதுதான் என் முகம்" என்றேன். "பருக் குழி. அஞ்சு மாசமா 'சமன்' வச்சு மூடியிருந்தேன். உங்களுக்குச் சொல்லல. தப்புதான். நீங்க என்னா முடிவு பண்ணாலும் சரி."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் எதிர்பார்த்த எதுவும் அவர் முகத்தில் வரவில்லை. அதிர்ச்சி வரவில்லை, கோபம் வரவில்லை. பரீட்சை பேப்பரைத் திருத்தி முடித்த வாத்தியார்போல் நிதானமாகச் சிரித்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்னா தெரியும்?"

"நிச்சயதார்த்தத்தன்னிக்கு ஏசி ஓடல, ஞாபகம் இருக்கா? உன் நெத்தி வேர்த்துச்சு, கழுத்து வேர்த்துச்சு, கன்னம் மட்டும் வேர்க்கல. எங்க வேலையில இதெல்லாம் கண்ணுல பட்டுடும். அப்பறம் லேப்ல உக்காந்து தேடிப் பாத்தேன். அந்தக் கம்பெனிக் காகிதம் கெடச்சுது. கடைசில என்னா படக்கூடாதுன்னு போட்டிருந்தான் பாரு, படிச்சிட்டுச் சிரிச்சிட்டேன். நம்ம ஊருல வந்து விக்கிறவன் இதக்கூடப் பாக்கலயேன்னு."

பின்னால் பூசணியில் கத்தி இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப அந்த மஞ்சள்?"

"தினமும் போன்ல பேசறப்ப இன்னிக்கு சொல்லுவ, நாளைக்கு சொல்லுவன்னு பாத்தேன். கலப்படத்தப் பத்திக்கூட எடுத்துக்குடுத்தேன். நீ சொல்லல. சரி, மஞ்சளே சொல்லட்டும்னு விட்டுட்டேன்." குரல் கனிந்தது. "ஆனா மங்கை, நான் பாக்குறதுக்கு முன்னாடி நீயா வந்து சொல்லிட்ட பாரு. அதான் எனக்கு வேணும். பாஸ் பண்ணிட்ட. முகம் எப்பிடி இருந்தா என்னா? நான் கட்டிக்கிறேன். எங்க வூட்ல கேட்டாலும் நான் பேசிக்கிறேன்."

இதைவிட நல்ல வார்த்தையை என் வாழ்க்கையில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. முகம் எப்படி இருந்தால் என்ன. பதினைந்து வருஷம் காத்திருந்த வார்த்தை. அது வந்து சேர்ந்த விதத்தில்தான் எங்கோ தொப்பென்று கேட்டது.

"நீங்க என்கிட்ட கேட்டிருக்கலாம்" என்றேன்.

"கேட்டா டெஸ்ட் எப்பிடி ஆவும்?"

"நானும் நாள் பூரா தட்டித் தட்டித்தான் பாக்குறேன். ஆனா பேசினுக்கு வலிக்காது. கூடத்துல நூறு பேரு முன்னாடி உக்காந்துக்கிட்டு, முகம் கழண்டு வரப்போவுதேன்னு அது பயந்துக்கிட்டு சிரிக்காது."

"நீதானே மறைச்ச? நானா மறைச்சேன்?"

"நான் மறைச்சேன். பயந்து மறைச்சேன். தெரியும்ங்கிறத நீங்களுந்தான் மறைச்சீங்க. உங்களுக்கு என்னா பயம்?"

பாடத்தில் இல்லாத கேள்வி வந்ததுபோல் அவர் விழித்தார்.

"நீங்கதானே சொன்னீங்க, எண்ணம் இருந்தாத்தான் கலப்படம்னு. மஞ்சள் சுத்தம்தாங்க. அத நானே சொல்றேன்."

என் முழங்கையில் நலங்கு மஞ்சள் இன்னும் காயாமல் இருந்தது. விரலால் வழித்து, அவருடைய வெள்ளைச் சட்டையின் பைமேல் குறுக்காக ஒரு கோடு போட்டேன். குனிந்து பார்த்தார். அந்தக் கோடு எதற்கு என்று அவருக்குத் தெரியும், போனில் நானே விளக்கமாகச் சொல்லியிருக்கிறேன். செகண்ட்ஸை வாங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். குறை சொல்லிப் பிரயோசனமில்லை, நன்றாகவே உழைக்கும். நான் வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

அறைக்குத் திரும்பி அம்மாவிடம் சொன்னேன். முதலில் அவள் காதில் விழுந்தது பாதிதான்.

"தெரிஞ்சும் கட்டிக்கிறேங்கிறாரா?" என்று எழுந்து நின்றுவிட்டாள். "எவ்ளோ பெரிய மனசுடி. அவரு காலத் தொட்டுக் கும்புடணும், நீ போயி சட்டையில கோடு போட்டுட்டு வந்திருக்க. வா, நான் மன்னிப்பு கேக்குறேன், நீ பின்னாடி நில்லு."

"நலங்கு வைக்கிறப்பவே அவருக்குத் தெரியும்மா."

"என்னா தெரியும்?"

"அந்த மஞ்சளத் தடவினா கழண்டுக்கும்னு. தெரிஞ்சுதான் கொண்டாந்தாரு."

அம்மா கதவின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. வெளியே நாதஸ்வரக்காரர் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கேட்டாள்.

"மொதல்ல தடவுனது நான்தானே?"

"ஆமா."

"நான் தடவுறப்பவும் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டா இருந்தாரு?"

"ஆமாம்மா."

"என் கையாலயே."

அவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். இரண்டு கையும் இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தன. சுத்தமான மஞ்சள் லேசில் போகாது. பிறகு கதவைத் திறந்து, நடையில் நின்றிருந்த அப்பாவைக் கூப்பிட்டாள்.

"மாப்ள வூட்டுக்காரங்களுக்குப் பகல் சாப்பாடு நல்லபடியாப் போட்டுடுங்க. வடை, பாயசம் எதுவும் கொறையக்கூடாது. சாப்பிட்டதும் வேன் வந்துடட்டும்."

அப்பா வழக்கம்போல் ஏன் என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, வேன்காரரைத் தேடிக்கொண்டு போனார். அந்த நேரம் பார்த்து என் கைப்பேசியில் கிளினிக்கிலிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. எங்கள் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

அம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கூடத்தில் குமுதவல்லியின் குரல் உயர்ந்துகொண்டிருந்தது. இனி நடக்கப்போகிற ரகளை, பெரியப்பா வீட்டு வாட்ஸப், மறுபடியும் நாலரை, எல்லாம் எங்கள் இருவருக்கும் தெரிந்துதான் இருந்தது. அம்மா கையை நீட்டி என் கன்னத்தில் வைத்தாள். அவளுடைய கட்டைவிரல் மெதுவாக நகர்ந்தது. அரிசியில் கல் தேடுகிற விரல்.

"இவ்ளோ நாளும் தொட்டாத் தெரியவே இல்லையாடி?" என்றாள்.

"இல்லம்மா."

"சொல்லவே இல்லையே நீ."

"நீ சந்தோஷமா இருந்த."

அவள் கையை எடுக்கவில்லை.

"இப்ப?"

"தெரியுதும்மா" என்றேன். "நல்லாத் தெரியுது."